இரும்பு மாஸ்டர் போட்ட கையெழுத்து

பதினெட்டு வருஷத்தில் ஒன்பது வீடு மாறியவர் இரும்பு மாஸ்டர். கால்பந்து கிளப்புகளில் வேலை. பந்தை எப்படி உதைப்பது என்று சொல்லித்தர வேறு கோச் உண்டு. இவர் பொறுப்பு உடம்பு. ஆட்டக்காரனின் தொடையிலும் முதுகிலும் கெண்டைக்காலிலும் எவ்வளவு பலம் இருக்கிறது, எந்த மாதம் எடையை ஏற்ற வேண்டும், எந்த வாரம் இறக்க வேண்டும் என்பதெல்லாம் இவர் தலைக்குள் இருக்கும். கிளப் ஜெயித்தால் கோச்சைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் முதலில் இவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். வேலை ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குமேல் யாரும் போட்டதில்லை.

சீசன் முடிகிற மாதம் வந்தாலே அவர் மனைவி பரண்மேலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கி, கரப்பான் இருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பாள். "கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்தை விட இந்தப் பெட்டிங்களோடதான் நான் அதிகமாக் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்பாள்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். எந்த ஊருக்குப் போனாலும் பத்து நாளில் வேலை தேடிக்கொள்வாள். நரம்பு கிடைக்காத கிழவர்களையும் அழுகிற குழந்தைகளையும் அவளிடம்தான் அனுப்புவார்கள். பெற்றோர் போனபின் ஒன்பது வயதுத் தம்பியையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு மாஸ்டரைக் கட்டிக்கொண்டவள். அந்தத் தம்பி, அக்கா வீடு மாறும்போதெல்லாம் பெட்டியோடு பெட்டியாக மாறி மாறி, பதினான்கு வயதில் மாமா இரும்பு தூக்கப் பயிற்சி கொடுக்கும் கூடத்துக்குள் நுழைந்து, இருபத்து நான்கு வயதில் மாமாவின் இப்போதைய கிளப்பின் இடது ஓரத்தில் ஓடுகிறவனாக நின்றான். ஓட்டத்தைப் பார்த்து ஊரே அவனைக் குதிரை என்றது. வீட்டிலும் அதுவே பேராகிவிட்டது.

இந்தக் கிளப்பில் மாஸ்டருக்கு நான்காவது வருஷம். அதிசயம்தான். மகள் பத்தாம் வகுப்பு. மூன்றாம் மாடியில் இரண்டு அறை, சமையலறையில் காற்று வருகிற ஜன்னல். போன வருஷம் மனைவி துணிந்து எல்லா அட்டைப்பெட்டிகளையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள்.

காலை ஐந்தரைக்கு மாஸ்டர் கூடத்தின் ஷட்டரைத் தூக்குவார். ஈரத்தில் கம்பிகளில் பூத்திருக்கும் துருவை எண்ணெய்த் துணியால் துடைப்பார். ரப்பர் பாயைக் கூட்டித் தள்ளுவார். ஆறரைக்கு ஆட்டக்காரர்கள் கொட்டாவியோடு வருவார்கள். அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்; தூக்குகிற எடையைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "டேய் நூத்து நாப்பது, முதுகு கோணுது. இறக்கி வெச்சிட்டு மறுபடி எடு. அவசரம்னா பஸ்ஸுக்குப் போ." வலிக்கிறது என்று யாராவது சொன்னால் உட்காரவைத்து, விரலால் அழுத்தி, எங்கே, எப்போது, ஏறும்போதா இறங்கும்போதா என்று பத்துக் கேள்வி கேட்பார். கடைசியில் அவர் "ஆடலாம்" என்றால் ஆடலாம். பதினெட்டு வருஷத்தில் அந்த வார்த்தை பிசகியதில்லை. கிளப் டாக்டரே மாஸ்டரின் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் கீழே கையெழுத்துப் போடுவார்.

அந்த வருஷம் குதிரைக்கு இடது குதிகால் நரம்பில் வீக்கம் வந்தது. ஆறு வாரம் ஓட்டமில்லை. மாஸ்டர் தினமும் வைத்தியம் பார்த்தார்: படி விளிம்பில் நிற்கவைத்து ஏற்றி இறக்குவது, ரப்பர் பட்டை, ஐஸ். கால் தேறித்தான் வந்தது. ஆனால் சீசனின் கடைசி ஆட்டம் அதற்கு முன்னால் வந்துவிட்டது. தோற்றால் கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும்.

வியாழக்கிழமை கிளப் செயலாளர் கூடத்துக்குள் வந்தார். பாயில் செருப்போடு நிற்கக்கூடாது என்று தெரிந்தும் நின்றார்.

"குதிரை இல்லாம நம்மால முடியுமா மாஸ்டர்?"

"இன்னும் மூணு வாரம் வேணும் சார்."

"மூணு வாரம் கழிச்சு எவன் கூட ஆடப்போறோம்? உங்க புது ஒப்பந்தம் என் மேஜை மேலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை முடியட்டும், பேசலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போகும்போது கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை கூடத்தில் மாமாவும் மச்சினனும் மட்டும். ஒற்றைக் காலில் நின்று, குறுக்கே கட்டியிருக்கிற கயிற்றின் மட்டத்துக்குக் குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும். கயிற்றைத் தொடாவிட்டால் நிறுத்தம். நல்ல கால் முப்பது எடுத்தது. அடிபட்ட கால் அதில் பத்தில் ஒன்பது பங்கு எடுத்தால்தான் மைதானம். இருபத்தேழு.

பதினைந்தில் கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்தது. பதினெட்டில் சுவரைப் பிடித்தான். பத்தொன்பதுக்குப் பிறகு குதிகால் கயிற்றுக்கு வரவில்லை.

"போதும். இறங்கு" என்றார் மாஸ்டர்.

குதிரை தரையில் உட்கார்ந்தான். "மாமா, ஞாயித்துக்கிழமை என்னைப் பார்க்கத்தான் ஆள் வர்றாங்க. பெரிய கிளப்பு. இந்த வருஷம் விட்டா எனக்கு இருபத்தஞ்சு. அப்புறம் எவன் வருவான்?"

"கால் இருந்தா எவனாவது வருவான்."

"ஒரு ஆட்டம் மாமா. தொண்ணூறு நிமிஷம். வலிச்சா நானே கை தூக்கிடறேன். சத்தியமா."

"எல்லாரும் அப்படித்தான்டா சொல்வாங்க."

"நான் எல்லாருமா?"

மாஸ்டர் வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே புல்வெட்டும் இயந்திரம் போய் வந்துகொண்டிருந்தது. பிறகு பேனாவை எடுத்து, இடது கால் என்ற கட்டத்தில் இருபத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குதிரை அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் உருவிக்கொண்டார்.

ஞாயிறு காலை மனைவி முட்டை உரித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அவன் படி இறங்கறதப் பார்த்தீங்களா? ஒவ்வொரு படியா ரெண்டு காலும் வெச்சு இறங்கறான்."

"நான் பார்த்துக்கறேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவள் உரித்த முட்டையில் உப்பும் மிளகும் தூவித் தம்பிக்கு எடுத்து வைத்தாள்.

முந்தின நாள் பெய்த மழையில் மைதானம் சொதசொதவென்று இருந்தது. முதல் பாதியில் குதிரை நன்றாகத்தான் ஓடினான். அறுபத்தோராம் நிமிஷம், பந்து இல்லாத இடத்தில், திரும்பி ஓட முதல் எட்டு வைத்தபோது பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம். பெஞ்சில் இருந்தவர்களுக்கே கேட்டது. அவன் விழவில்லை. யார் பின்னாலிருந்து உதைத்தது என்று கோபமாகத் திரும்பிப் பார்த்தான். பின்னால் இருபதடிக்கு ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் விழுந்தான்.

ஆட்டம் சமனில் முடிந்தது. கிளப் பிழைத்துக்கொண்டது. கோச்சைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிய சத்தம் ஆம்புலன்ஸுக்குள் கேட்டது. குதிரை மாஸ்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கை தூக்க நேரமே குடுக்கல மாமா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அறுந்த நரம்பைத் தைத்தார்கள். பத்தாம் நாள் தையல் பழுத்தது. மறுபடி திறந்து, அழுகின பகுதியை வெட்டி எடுத்து, இருந்ததை இழுத்துக் கட்டினார்கள். நடக்கலாம் என்றார் அறுவை மருத்துவர். ஓடுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முன்னறையில் கட்டில் போட்டார்கள். மகள் படிப்பு சமையலறைக்குப் போயிற்று. நிற்காத மழை; துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள் கொடியில் தொங்கிப் புளித்த வாடை அடித்தது. மனைவி பகலெல்லாம் ஊரார் கையில் ஊசி குத்திவிட்டு வந்து, கைகழுவி, தம்பியின் கட்டைப் பிரிப்பாள். பழைய பஞ்சை எடுக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதாவது கேலி பேசுவான். "அக்கா, நீ கட்டு மாத்தினா ஆஸ்பத்திரி மாதிரி பில்லு கேட்கறது இல்ல, அதான் எனக்கு நம்பிக்கையே வர்றதில்ல." அவள் சிரிக்காமல் துடைப்பாள். அவன் திரும்பிப் படுத்த பிறகு சமையலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள்.

அப்படி நின்ற ஒரு சாயங்காலம் மாஸ்டர் உள்ளே வந்தார். அவள் அரிசி களைய ஆரம்பித்தாள்.

"எத்தனை எடுத்தான்?"

"என்ன?"

"அன்னிக்கு. அந்தக் காலு. எத்தனை எடுத்தான்?"

அவர் வாசற்படியிலேயே நின்றார். "பத்தொம்பது."

"எத்தனை வேணும்?"

"இருபத்தேழு."

அவள் கை நின்றது. தண்ணீர் மட்டும் பாத்திரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "பொய்யா எழுதினீங்க?"

"ஆமா."

"அவனுக்காகவா, உங்களுக்காகவா?"

"தெரியல."

"தெரியலன்னா உங்களுக்காகத்தான்." குழாயை மூடினாள். "நான் கேட்டேனே. முட்டை உரிச்சுக்கிட்டே கேட்டேனே. எனக்காவது சொல்லியிருக்கலாமில்ல? நான் அவன் செருப்பை ஒளிச்சு வெச்சிருப்பேன். கதவைப் பூட்டிச் சாவியை முழுங்கியிருப்பேன்."

பதினெட்டு வருஷமாக யார் எங்கே வலிக்கிறது என்று சொன்னாலும் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்த மனுஷன். அன்று கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை.

இதற்கிடையில் ஒரு பத்திரிகை, அடிபட்டவனைக் கட்டாயப்படுத்தி ஆடவைத்தார்கள் என்று எழுதிவிட்டது. விளையாட்டுச் சங்கம் விசாரணை வைத்தது. பொய்த்தாள் எழுதியது தெரிந்தால் மாஸ்டர் ஆயுசுக்கும் எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது.

செயலாளர் ஒரு கூடைப் பழத்தோடு மூன்று மாடி ஏறி வந்தார். கட்டிலுக்கருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "விஷயம் ஒண்ணும் பெரிசில்ல. தம்பி ஆர்வத்துல வலியை மறைச்சிட்டான், மாத்திரை போட்டுக்கிட்டு டெஸ்ட்டுக்கு வந்தான்னு இருந்தா யாருக்கும் சேதாரமில்ல."

"எனக்கு என்ன சேதாரம் இனிமே" என்றான் குதிரை. "நானே சொல்லிடறேன் சார்."

"டேய்" என்றார் மாஸ்டர்.

"சும்மா இருங்க மாமா. என் காலு போனது போனதுதான். உங்க வேலையும் போனா இந்த வீட்ல எல்லாரும் என்னையப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கவா?"

செயலாளர் அவன் தோளில் தட்டினார். "தங்கமான பையன்" என்று மாஸ்டரிடம் சொன்னார். மனைவி பழக்கூடையைத் தொடவில்லை. அது ஜன்னலடியில் இருந்து அழுகி, மகள்தான் எடுத்துக் கொட்டினாள்.

விசாரணை நாள் காலை, மழை விட்டு வெறித்திருந்தது. மனைவி மாஸ்டரின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் குடுப்பான்" என்றாள் தலைநிமிராமல். "சின்ன வயசுலேருந்து அப்படித்தான். கையில இருக்கறதக் குடுத்துட்டுப் பசிக்கலன்னு சொல்லுவான். நீங்க வாங்காதீங்க."

"வாங்க மாட்டேன்."

"வேலை போனாப் போகட்டும். எனக்கு வேலை இருக்கு. சாப்பாட்டுக்குக் குறை வராது. பெட்டி வேணும்னா கடையில கேட்டு வாங்கிக்கலாம். அவன் பொய் சொன்னான்னு மட்டும் எழுதி வெச்சிடாதீங்க. அவன்கிட்ட இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்."

"சொல்லிடறேம்மா. நான்தான் எழுதினேன்னு சொல்லிடறேன்."

அவள் சட்டையை விரித்துப் பிடித்தாள். கல்யாணமான புதிதில் செய்தது போல அவர் கையை நுழைக்கும்வரை பிடித்திருந்தாள். காலரைச் சரிசெய்துவிட்டாள். "சாப்பிட்டுப் போங்க" என்றாள். அவரும் நிறையவே சாப்பிட்டார். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்த பிறகு பல நாள் கழித்து அவருக்குப் பசித்தது.

சங்கக் கட்டிடத்தில் நீள மேஜை, மூன்று பேர். முதலில் குதிரையைக் கூப்பிட்டார்கள். ஊன்றுகோல் சத்தம் உள்ளே போயிற்று. கால்மணி நேரத்தில் திரும்பி வந்தது. பிறகு மாஸ்டர்.

நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர் எழுந்து கைகொடுத்தார். "உட்காருங்க மாஸ்டர். பதினெட்டு வருஷம், உங்க மேல ஒரு புகார் கிடையாது. எங்க தேசிய அணிப் பசங்களே உங்களப் பத்திச் சொல்லியிருக்காங்க. உங்களை இப்படிக் கூப்பிட்டு உட்காரவைக்கறதுக்கு எங்களுக்கே சங்கடமா இருக்கு." தாளைத் திருப்பிக் காட்டினார். "ஒரே கேள்விதான். பையன் வலியை மறைச்சதா ஒத்துக்கிட்டான். இந்த இருபத்தேழு, நீங்க எண்ணினதுதானே?"

சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. பஸ்ஸில் வரும்போது ஏழெட்டுத் தரம் சொல்லிப் பார்த்திருந்தார். மூன்று பேரும் அவரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதை இன்னும் ஒரு நொடியில் போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

"ஆமாங்க" என்றார். "நான் எண்ணினதுதான்."

தாழ்வாரத்தில் குதிரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் முகத்தைப் பார்த்ததும் ஊன்றுகோலைத் தேடினான்.

"என்ன சொன்னீங்க மாமா?"

"நீ சொன்னதையேதான்."

குதிரை தலையாட்டினான். உள்ளே அந்தப் பொய்யை அவ்வளவு சுத்தமாகச் சொல்லிவிட்டு வந்தவன், மாமா அதை உடைப்பார் என்று கால்மணி நேரமாக அங்கே காத்திருந்தான் போலிருக்கிறது. முகத்தில் எதுவோ அணைந்தது. "சரி மாமா" என்றான். "நல்லதுதான்." படியில் மாஸ்டர் தோளைக் கொடுத்தார். அவன் கைப்பிடியைப் பிடித்துத் தானே இறங்கினான்.

வீட்டில் மனைவி மூன்று தட்டு வைத்திருந்தாள். கதவைத் திறந்து இருவர் முகத்தையும் பார்த்தாள். சோறு போட்டாள். மாஸ்டர் சாப்பிடாமல் எழுந்தபோது, "வேலைக்குப் போறவர் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

அடுத்த வாரம் ஒப்பந்தம் வந்தது. முதல் தடவையாக மூன்று வருஷத்துக்கு.

குதிரை ஊன்றுகோலை விட்ட மாதம் மாஸ்டர் அணியோடு மலைப்பக்கம் பத்து நாள் முகாம் போயிருந்தார். திரும்பி வந்தபோது முன்னறையில் கட்டில் இல்லை. மகளின் மேஜை பழைய இடத்துக்கு வந்திருந்தது.

"எங்கே அவன்?"

"போயிட்டான். வெளியூர்ல லாரி எடை போடற இடத்துல வேலை. உட்கார்ந்தே பார்க்கற வேலைதான்." அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உங்ககிட்ட நன்றி சொல்லச் சொன்னான்."

"எதுக்கு?"

"இத்தனை வருஷம் சோறு போட்டதுக்கு."

அவர் அந்த வெற்று மூலையில் பையை வைத்தார். பிறகு அங்கே வைக்கப் பிடிக்காமல் எடுத்துக்கொண்டு போய் உள்ளறைக் கட்டிலடியில் தள்ளினார்.

அதற்குப் பிறகு பதினான்கு வருஷம். மாஸ்டர் அந்தக் கிளப்பிலேயே இருந்தார். கிளப் இரண்டு தரம் கோப்பை வாங்கியது. கூடம் பெரிதாகி, கண்ணாடிச் சுவர் வைத்து, குளிர்சாதனம் வந்தது. நான்கு கோச்சுகள் வந்து போனார்கள், செயலாளரும் மாறினார். மாஸ்டர் மட்டும் ஐந்தரைக்கு வந்து கம்பி துடைத்தார். அதற்குப் பிறகு ஒரு தாளில்கூட அவர் ஒரு எண்ணை மாற்றி எழுதவில்லை. ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பினார். கெஞ்சியவர்களையும் மிரட்டியவர்களையும் அனுப்பினார். அதனால் அவர் பெயர் இன்னும் வளர்ந்தது. பயிற்சி முகாம்களில் இளம் மாஸ்டர்கள் அவரிடம் வந்து, இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் எப்படி நின்றீர்கள் என்று கேட்பார்கள். "காலையில சீக்கிரம் எந்திரிக்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

குதிரை வாராவாரம் அக்காவுக்குப் போன் செய்வான். கல்யாணம் பண்ணிக்கொண்டான், அக்கா மட்டும் போய் வந்தாள். எப்போதாவது மாஸ்டர் போனை எடுத்துவிட்டால், "நல்லாருக்கீங்களா மாமா? உடம்பப் பார்த்துக்குங்க. அக்காகிட்ட குடுங்க" என்பான். குரலில் ஒரு கசப்பு இருந்தால்கூட மாஸ்டர் பிடித்துக்கொண்டிருப்பார். இருக்காது. மனைவி சமைத்தாள், வேலைக்குப் போனாள், மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள், மாஸ்டருக்குச் சர்க்கரை வந்தபோது வீட்டிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தாள். தேவையானதைப் பேசினாள். அவர் போகிற ஆட்டம் எதற்கும் போகவில்லை.

மாஸ்டர் ஓய்வுபெற்றபோது நடந்த வழியனுப்பு விழாவுக்கு மட்டும் வந்தாள். மகள் கட்டாயப்படுத்தி அழைத்து வந்தாள். அரங்கு நிறைந்திருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் தொப்பையோடும் நரையோடும் மேடையேறி, மாஸ்டர் தங்களை எப்படியெல்லாம் வதைத்தார் என்று சொல்லிச் சிரிக்கவைத்தார்கள். "எனக்கு இன்னமும் என் பேரை விட நூத்து நாப்பதுன்னு கூப்பிட்டாத்தான் திரும்பத் தோணுது" என்றார் ஒருவர். யாரும் குதிரையைப் பற்றிப் பேசவில்லை. பாதிப் பேர் அவனைப் பார்த்ததே இல்லை. மாஸ்டரும் மைக்கை வாங்கி நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கடைசியில் தொகுத்து வழங்கிய பெண், "மாஸ்டரம்மா ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்று மைக்கோடு கீழே இறங்கி வந்துவிட்டாள். மனைவி வேண்டாமென்று கையசைத்தாள். கைதட்டல் நிற்கவில்லை. எழுந்து மைக்கை வாங்கினாள். மேடையில் மாஸ்டர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை; அவரைத்தான் பார்த்தாள்.

"எங்க வீட்ல எல்லாரும் இவர் கையெழுத்த நம்பித்தான் இருந்தோம்" என்றாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அரங்கமே எழுந்து தட்டியது. புதுச் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் தன் வீட்டுக்குக் கிளம்பினாள். இவர்கள் இருவரும் மாலையும் கேடயமும் அடைத்த பைகளோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது.

"நீ எல்லாத்தையும் அங்கே சொல்லிடுவேன்னு நினைச்சேன்" என்றார் மாஸ்டர்.

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா உங்களுக்குப் பாரம் இறங்கியிருக்கும்." அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "நீங்க சொல்லுவீங்கன்னுதான் பதினாலு வருஷமா உங்க கூட இருந்தேன். இன்னிக்குக் கடைசி நாள்னுதான் வந்தேன். அத்தனை பேரு இருந்தாங்க. மைக்கு உங்க கையிலயும் இருந்துச்சு."

அவர் வாயைத் திறந்தார். பஸ் வந்துவிட்டது. இரண்டு பேர் உட்காருகிற இருக்கை ஒன்று காலியாக இருந்தது. அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பைகளை அடுக்கி வைத்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.